இன்டிசைன் சந்தாவைப் புதுப்பிக்கவா, இலவச அஃபினிட்டிக்கு மாறவா? (காரைக்குடி டிடிபி கடை)

கடைக்காரி_காரைக்குடி:

செக்காலைப் பக்கம் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மணிவிழா மலர், கும்பாபிஷேக நோட்டீஸ், தைப்பூசம் வந்தால் பழனி பாதயாத்திரைக்குப் பிட் நோட்டீஸ். டிசைனும் ப்ரூஃபும் இங்கே, ஆஃப்செட் சிவகாசியில்.

கம்ப்யூட்டர் இரண்டு. ஒன்றில் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்னமும் ஓடுகிறது. இன்னொன்றில் அதே வேலைக்கான அடோபி கம்பெனியின் இன்டிசைன்; அதன் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. இதே மாதிரி மென்பொருளான அஃபினிட்டி 2025 அக்டோபரிலிருந்து இலவசம் என்று கேள்விப்பட்டதிலிருந்து தம்பி மகன் விடமாட்டேன் என்கிறான். "அத்தை, சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு எதுக்குக் காசு கட்டுறீங்க?" சும்மா கிடைப்பது எதுவும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

எங்கள் வேலை தெரிந்தால்தான் பதில் சொல்ல வசதியாக இருக்கும். நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில் மேட்டர் கொஞ்சநஞ்சமில்லை. ஊர், கோயில், ஐயா, அப்பத்தா, ஆயா, இரண்டு வீட்டு இன்ஷியல்கள். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கட்டு அப்படியே திரும்பி வரும். முன்பு மேட்டர் கையெழுத்தில் வரும். இப்போது வாட்ஸ்அப்பில் யூனிகோடில், அதாவது போனில் அடிக்கிற பொதுக் குறியீட்டுத் தமிழில், வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் கேன்வா என்ற ஆன்லைன் டிசைன் தளத்தில் முழுப் பத்திரிகையையும் செய்து, ஒரு படமாக அனுப்பி, "இதை அப்படியே அடிச்சுக் குடுங்க" என்பார்கள். போனில் பளபளக்கிற மயில் நீலம் அச்சில் மங்கிப்போகும் என்று பெண் வீட்டுக்காரருக்குப் புரியவைப்பது தனிக் கூலி வாங்கவேண்டிய வேலை.

அஃபினிட்டியில் தமிழ் ஒழுங்காக விழுமா? சந்தாவை விட்டால் என் இன்டிசைன் கோப்புகள் என்ன ஆகும்? அப்புறம், இந்த இலவசம் எத்தனை நாளைக்கு?

தேவகோட்டை_ஃப்ளெக்ஸ்:

அக்கா, முதலில் கோப்புகள். சந்தா முடிந்ததும் கோப்பு உங்கள் டிஸ்கிலேயே இருக்கும், ஆனால் திறக்க இன்டிசைன் இருக்காது. அஃபினிட்டி, இன்டிசைனின் வழக்கமான ஐஎன்டிடி கோப்பைத் திறக்காது; இன்டிசைனிலிருந்து மாற்றி எடுக்கிற ஐடிஎம்எல் கோப்பைத் திறக்கும். அதனால் சந்தா உயிரோடு இருக்கும்போதே, திரும்ப வேலைக்கு வரும் என்று தோன்றுகிற எல்லாவற்றையும் ஐடிஎம்எல் ஆகவும் பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். படங்கள், ஃபாண்டுகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வர ‘பேக்கேஜ்’ கொடுங்கள்.

இன்னொன்று. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டுக்குள் கால் வைத்துவிட்டால் வெளியே வரக் கட்டணம் கேட்பார்கள். அந்தக் கட்டணத்தைச் சரியாக வெளியே சொல்வதில்லை என்று அமெரிக்காவின் வணிகப் போட்டி ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜூனில் அடோபி மீது வழக்கே போட்டது. காலண்டரில் தேதியைக் குறித்துவையுங்கள்.

பழைய_கம்பாசிட்டர் (புதுக்கோட்டை):

எத்தனை நாளைக்கு என்று கேட்டீர்களே, அதற்கு நான் பார்த்த கதையைச் சொல்கிறேன் தங்கச்சி.

நீங்கள் ஓட்டுகிற பேஜ்மேக்கர் 1985ல் ஆல்டஸ் கம்பெனி கொண்டுவந்தது. 1994ல் அடோபி ஆல்டஸை வாங்கியது. ஆல்டஸ் விற்றுவந்த ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருள், அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர்ப் போட்டி. இரண்டும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று அதே ஃபெடரல் டிரேட் கமிஷன் தடுத்தது. ஃப்ரீஹேண்ட் அதை உருவாக்கிய ஆல்ட்சிஸுக்கே திரும்பிப் போனது. ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. 2005ல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது! 2007ல் ஃப்ரீஹேண்டுக்கு இனிப் புதுப் பதிப்பு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வாசலில் தடுத்த மாடு கொல்லைப்புறமாக வந்து மேய்ந்த கதை.

பேஜ்மேக்கரை மட்டும் வாழவிட்டார்களா? 1999ல் இன்டிசைன் வந்தது, பேஜ்மேக்கர் 7ஓடு நின்றது. பக்க வடிவமைப்பில் அன்றைக்கு ராஜாவாக இருந்த குவார்க் எக்ஸ்பிரஸை வீழ்த்தத்தான் இன்டிசைனே. 1998ல் அந்தக் குவார்க் கம்பெனி, அடோபியையே விலைக்குக் கேட்டது என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்!

அடோபியால் எல்லாத் தடவையும் வாங்க முடிவதில்லை. 2022ல் 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருள் கம்பெனியை வாங்க ஒப்பந்தம் போட்டு, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் போட்டி ஆணையங்கள் விடாததால் 2023 டிசம்பரில் கைவிட்டார்கள். அதற்கு ஃபிக்மாவுக்கு 100 கோடி டாலர் தண்டம்.

அஃபினிட்டியும் கைமாறியதுதான். ஒரே தடவை காசு கொடுத்தால் போதும் என்று பேர் வாங்கிய இங்கிலாந்து சரக்கு. 2024 மார்ச்சில் கேன்வா வாங்கியது. இப்போது இலவசம், ஆனால் கேன்வா கணக்கு வேண்டும். ஏஐ வசதிகளுக்குக் கேன்வா சந்தா வேண்டும். இது தர்மம் இல்லை, ஆள் பிடிக்கிற வேலை. அதற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நமக்கு ஆகிறவரை ஓட்டுவோம்.

எழுத்துரு_பித்தன்:

தமிழ் பற்றி. வானவில் மாதிரிப் பழைய ஃபாண்ட் என்றால் எதிலும் விழும், ஏனென்றால் அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறது. சிக்கல் யூனிகோடில்தான். அஃபினிட்டியின் பழைய பதிப்புகளில் இந்திய எழுத்துகள் சரியாகச் சேராது என்பது பயனாளர்களின் நெடுநாள் புகார். புதியதை இறக்கி, கடையில் வந்த மேட்டரையே ஒட்டிப் பாருங்கள். ‘கோயில்’, ‘சௌபாக்கியவதி’, ‘ஸ்ரீ’ என மூன்று சொல் போதும். ‘கோ’வின் இரட்டைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால் அங்கேயே மூடிவிடலாம்.

இன்டிசைனிலும் பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘அடோபி வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சேரும். காசு கேட்காத மாற்று வேண்டுமானால் ஸ்கிரைபஸ் 1.6. தமிழ் சேர்க்கும், சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை நிறம்) பிடிஎஃப் கொடுக்கும், யாரும் வாங்கி மூட முடியாத திறமூல மென்பொருள். முகம் மட்டும் கொஞ்சம் பழசு.

கடைக்காரி_காரைக்குடி:

எல்லாருக்கும் நன்றி. சந்தாவை இப்போதைக்கு ஆண்டுக்கு நீட்டப்போவதில்லை. இந்த வாரம் ஐடிஎம்எல் வேலை. தம்பி மகன்தான் உட்காரப்போகிறான், அவன்தானே ஆரம்பித்தான். முகூர்த்த மாதத்தில் தேவைப்பட்டால் ஒரு மாதச் சந்தா மட்டும் போட்டுக்கொள்வேன், அது விலை கூட என்றாலும். பத்திரிகை வேலையை ஸ்கிரைபஸிலும் அஃபினிட்டியிலும் ஒரே மேட்டரை வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. பேஜ்மேக்கரில் பழைய மணிவிழா மலர்கள் கிடக்கின்றன. அதே வீட்டில் இப்போது எண்பது வருகிறது, பழைய வம்சாவளிப் பக்கம் வேண்டும் என்கிறார்கள். மறுபடி டைப் அடிக்கத்தான் வேண்டுமா?

எழுத்துரு_பித்தன்:

வேண்டாம். லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். பக்க அமைப்பு குலையலாம், மேட்டர் வந்துவிடும். அதை என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். எந்த ஃபாண்டில் அடித்தது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஃபாண்டின் குறிமுறை (எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற கணக்கு) தெரியாமல் மாற்றினால் இன்ஷியல்கள் எல்லாம் குழம்பும்.