அம்மாவின் கப்பல்: மேக்கணக்கு (தோட்டத்து மேல் பிரிவு) குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தம்பி (கொழும்பு) – காலை 7.12
எல்லோருக்கும் காலை வணக்கம். அம்மா ஒரு தடவையாவது கப்பலில் போக வேண்டும் என்று போன மாதம் சொன்னார் அல்லவா? சிங்கப்பூரில் இருந்து மூன்று இரவு, நான்கு இரவு உல்லாசக் கப்பல்கள் போகின்றன. கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் சிங்கப்பூர், மறுநாள் கப்பல். சீட்டு விழுந்த காசு என்னிடம் அப்படியே இருக்கிறது. அம்மாவும் அக்காவும் போய் வாருங்கள்.

அக்கா (அட்டன்) – 7.25
உன் மனசு தெரியும் தம்பி. ஆனால் அட்டனில் இருந்து கட்டுநாயக்கவுக்கே வேனில் அரை நாள். அதற்கு மேல் விமானம், புது ஊர், பிறகுதான் கப்பல். அம்மாவுக்கு கோவில் படி ஏறினாலே முழங்கால் வீங்குகிறது. கப்பலுக்குப் போய்ச் சேரும்போது கடலைப் பார்க்கத் தெம்பு இருக்காது. இங்கே பக்கத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் ஏற முடியாதா என்று பார்.

அண்ணி (திருச்சி) – 7.48
நான் சொல்லலாமா? 2023 ஜூனில் நாங்கள் சென்னையில் இருந்து அப்படித்தான் போனோம். எம்ப்ரஸ் என்ற கப்பல். அந்த வருஷம்தான் சென்னையில் இருந்து இலங்கைக்கு விட ஆரம்பித்தார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று உங்கள் ஊர்த் துறைமுகங்களைத்தான் சுற்றி வந்தது. வீட்டில் இருந்து ரயிலில் போய் அன்றைக்கே ஏறிவிட்டோம். விமானம் இல்லை, நடுவில் ஹோட்டல் இல்லை, பெட்டியை ஒரே தடவைதான் கொடுத்தோம். அந்த நிம்மதிக்காகவே சொல்கிறேன், வீட்டுக்குப் பக்கத்துத் துறைமுகம் என்றால் பாதி அலைச்சல் இல்லை.

அண்ணி (திருச்சி) – 7.55
கப்பல் 1990இல் கட்டியது. இன்றைக்குச் சிங்கப்பூரில் வந்து நிற்பவற்றோடு பார்த்தால் சின்னதுதான். எனக்கு அதுவே பிடித்திருந்தது, இரண்டாம் நாளே எந்தப் படி எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. திருகோணமலைக்குள் நுழைந்த காலையை மறக்க முடியாது. விடிந்தும் விடியாத நேரம், இரண்டு பக்கமும் மலை, நடுவில் தண்ணீர் குளம் போல அசையாமல் கிடக்கிறது. கப்பல் சத்தமே இல்லாமல் உள்ளே போகிறது. மேல்தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கரையிறங்கி சுவாமி மலையில் கோணேசரைப் பார்த்தோம்.

தம்பி (கொழும்பு) – 7.58
அண்ணி, அப்படியென்றால் அம்மா திருகோணமலையில் ஏறிக்கொள்ளலாமா?

அண்ணி (திருச்சி) – 8.03
எங்கள் பயணம் சென்னையில் ஏறி சென்னையிலேயே இறங்குவது தம்பி. நடுவில் இறங்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். கோத்தகிரி அத்தையையும், உங்கள் பெரியம்மாவைத்தான், அப்போது கூப்பிட்டேன். “அரை நாள் கரையில் இறங்கி, கூடப் பிறந்தவளைப் பார்க்காமல் திரும்பி ஏறச் சொல்கிறாயா” என்று கேட்டார்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மாமா (பண்டாரவளை) – 8.20
இப்போதுதான் கடை திறந்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். மருமகனே, அக்கா, அதாவது உன் அம்மா, கப்பல் என்று சொன்னது நீ நினைக்கிற கப்பல் இல்லை. அவளிடமே கேள்.

அக்கா (அட்டன்) – 8.41
கேட்டேன். அம்மா குரல்பதிவு போட மாட்டாராம். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு ஆட்டம் பாட்டம் உள்ள கப்பல் வேண்டாம். என் அக்கா போன கடலில் ஒரு தடவை போக வேண்டும். அந்தப் பக்கம் அக்கா நிற்க வேண்டும். தலைமன்னாரில் இருந்து கப்பல் இருந்தால் அதில் ஏற்றிவிடுங்கள்.”

தம்பி (கொழும்பு) – 8.44
இதை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை.

மாமா (பண்டாரவளை) – 9.05
தலைமன்னார் கப்பல் 1984ஓடு நின்றுவிட்டது. திரும்ப விடுவதாகப் பேச்சு வரும், போகும். இப்போது ஓடுவது காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்கு. 2023 ஒக்டோபர் 14ஆம் தேதி செரியபாணி என்ற கப்பலை விட்டார்கள், கொஞ்ச நாளில் மழைக்காலம் வந்து நின்றது. பிறகு 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. நான் போனது அதில்தான். நூற்றைம்பது பேர் அளவில் உட்காரலாம். ஏறக்குறைய 110 கிலோமீட்டர் கடல், நான்கு மணி நேரம்.

உல்லாசம் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கை கிடையாது. விமானத்தில் போல வரிசையாக ஆசனம், ஏசி, பக்கத்தில் கண்ணாடி. ஆனால் வயசானவர்களுக்கு அது எவ்வளவு லேசு என்று பார்த்தால்தான் தெரியும். துறைமுகம் சின்னது. வாசலில் இருந்து கடவுச்சீட்டு பார்க்கிற மேசை வரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். கட்டுநாயக்கவில் ஒரு கிலோமீட்டர் நடக்கிற மாதிரி நடக்க வேண்டியதில்லை. எனக்கு முன்னால் ஓர் அம்மா கைத்தடியோடு வந்தார், பெட்டியைத் தூக்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கூட்டம் குறைவு என்பதால் எல்லோர் கண்ணிலும் எல்லோரும் படுகிறார்கள்.

மாமா (பண்டாரவளை) – 9.11
கப்பல் கிளம்பி அரை மணி நேரம் கரை தெரிகிறது. பழைய சீமெந்து தொழிற்சாலை, வெளிச்சவீடு, அப்புறம் பனைமரங்கள் கோடு மாதிரி. அது மறைந்த பிறகு சுற்றிலும் தண்ணீர்தான். எனக்கு அந்த இடத்தில் பெரியக்கா ஞாபகம் வந்துவிட்டது. அட்டன் ஸ்டேசனில் அவளை வழியனுப்பும்போது எனக்கு ஆறு வயசு. அப்பா தோளில் இருந்து பார்த்தேன். கோச்சி கிளம்பியதும் மேடையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் அழுதார்கள். அழுகைக் கோச்சி என்று அதனால்தான் சொன்னோம்.

பேத்தி (கோத்தகிரி) – 9.30
சின்னத் தாத்தா, பாட்டி இந்த மெசேஜை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். ஒன்று கேட்கட்டுமா? ஒரே வீட்டில் பிறந்து பாட்டி மட்டும் ஏன் இங்கே வந்தார்கள்?

மாமா (பண்டாரவளை) – 9.52
நல்ல கேள்வி, உனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். தோட்டத்து ஆட்களில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பாவுக்கு இங்கே கிடைத்தது. உன் தாத்தா வீட்டுக்கு இந்தியா என்று கடிதம் வந்தது. பெரியக்கா கல்யாணம் முடித்துப் போன வீடு அது, ஆகவே அவளும் போனாள். 1974.

பேத்தி (கோத்தகிரி) – 10.08
பாட்டி சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்.
“தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறினோம். எனக்கு 23 வயசு. ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் கேம்ப். அங்கே குடும்ப அட்டை கொடுத்தார்கள். பிறகு கோத்தகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில், டான்டீயில், வேலை. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. கப்பலில் போகிற வழியெல்லாம் நான் கடலைப் பார்க்கவில்லை. பின்பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தேன். தங்கச்சி வந்தால் முன்பக்கம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.”

பேத்தி (கோத்தகிரி) – 10.10
பாட்டியின் தகரப்பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இப்போது அதில் அரிசி வைக்கிறோம். மூடியில் வெள்ளைப் பெயின்டில் தாத்தா பெயர், கீழே ஒரு நம்பர், அதற்கும் கீழே மண்டபம் என்று இருக்கிறது. ‘ட’ பாதி உரிந்துவிட்டது. பாட்டி அந்தப் பக்கத்தைத் தேய்த்துக் கழுவ விட மாட்டார்கள்.

அக்கா (அட்டன்) – 10.22
அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பெட்டி வாங்கிய அன்று தானும் டவுனுக்குப் போனதாகச் சொல்கிறார். பூட்டு சரியில்லை என்று கடைக்காரரிடம் மாற்றி வாங்கினார்களாம்.

தம்பி (கொழும்பு) – 10.40
சரி, சிங்கப்பூரை விட்டுவிடுவோம். மாமா, காங்கேசன்துறைக்கு ஒழுங்காக எப்படிப் போவது? என்னென்ன கவனிக்க வேண்டும்? எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மாமா (பண்டாரவளை) – 11.15
முதலில் தூரம். நமக்கு அது பக்கத்து ஊர் இல்லை. கண்டியில் இருந்து யாழ்ப்பாணமே 320 கிலோமீட்டர். ஆனால் நம் நாடு, நம் பேச்சு, நினைத்த இடத்தில் வேனை நிறுத்தலாம். அம்மாவுக்கு அதுதான் முக்கியம். ரயில் என்றால் அட்டனில் ஏறி பொல்காவலையில் இறங்கி வடக்குக் கோச்சிக்கு மாற வேண்டும். அது காங்கேசன்துறை ஸ்டேசன் வரைக்கும் போகும். ஆனால் பொல்காவலையில் பெட்டியோடு மேடை மாறுவது அக்காவுக்குச் சரிவராது. வேன்தான்.

போகிற அன்றே ஏறுகிற மாதிரி திட்டம் போடாதே. முதல் நாள் யாழ்ப்பாணத்தில் தங்கு. கப்பல் மதியத்துக்கு மேல்தான் கிளம்பும் என்பதால், காலையில் மாவிட்டபுரம் கந்தசாமி கோவிலைப் பார்த்துவிட்டுப் போகலாம், துறைமுகத்துக்குப் பக்கம். காங்கேயன் சிலை வந்து இறங்கிய துறை என்பதால்தான் காங்கேசன்துறை என்று பெயர் வந்ததாம்.

அடுத்தது, இதுதான் நான் அழுத்திச் சொல்வது. பெரிய துறைமுகத்தில் ஒன்று போனால் இன்னொன்று வரும். சின்னத் துறைமுகத்தில் ஒரே கப்பல். காற்று கூடினால் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். எனக்கே திரும்பி வரும்போது ஒரு நாள் பிந்தியது. நாகப்பட்டினத்தில் லாட்ஜ் தேடி அலைந்தேன். கையில் மருந்து ஒரு நாளைக்குத்தான் இருந்தது, அந்த இரவு பயந்துவிட்டேன். அதனால் இரண்டு பக்கமும் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். அக்காவின் மருந்தை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுங்கள், கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி கப்பலின் அடியில் போய்விடும்.

அக்கா (அட்டன்) – 11.24
மருந்தை நான் இன்றே எழுதி வைக்கிறேன். எந்த மாதம் நல்லது மாமா?

மாமா (பண்டாரவளை) – 11.33
ஐப்பசி கார்த்திகை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவக் காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும். 2025இலும் அது முடிந்து பெப்ரவரியில்தான் திரும்பக் கப்பல் விட்டார்கள். மாசி, பங்குனி நல்லது. ஓகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழா, செப்டம்பர் 8 வரைக்கும் நாகப்பட்டினத்தில் அறை கிடைப்பது கஷ்டம். மற்றது, விசா. விமானத்தில் போகிறவர்கள் எடுக்கிற விசா துறைமுகத்துக்கும் செல்லுமா என்று டிக்கெட் காசு கட்டுவதற்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணி (திருச்சி) – 11.41
கப்பலில் ஏறுவதற்கு முன் சித்திக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது, அதுதான் அதிகம் புரட்டும். நடு வரிசையில் இடம் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தலை சுற்றாது.

பேத்தி (கோத்தகிரி) – 11.50
பாட்டி சொல்கிறார்கள்: “நான் நாகப்பட்டினத்துக்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிடுவேன். வேளாங்கண்ணி பக்கத்தில்தானே, மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன். சிக்கல் முருகனையும் பார்த்துவிட்டு வாசலில் நிற்பேன்.”

அக்கா (அட்டன்) – 12.02
அம்மா கேட்கிறார், பெரியம்மா என்ன நிறச் சேலை கட்டி வருவார்? வீடியோவில் பார்த்த முகம்தான், ஆனால் கூட்டத்தில் சட்டென்று தெரிய வேண்டுமாம்.

பேத்தி (கோத்தகிரி) – 12.06
பச்சை. அரக்குக் கரை. இப்போதே எடுத்து மடித்து வைத்துவிட்டார்கள்.

தம்பி (கொழும்பு) – 12.20
பங்குனியில் இரண்டு வாரம் லீவு கேட்கப் போகிறேன். நானும் வருகிறேன். சிங்கப்பூருக்கு என்று வைத்த காசில் வேன், யாழ்ப்பாணத்தில் கீழ்த்தளத்தில் அறை, நாகப்பட்டினத்தில் மூன்று இரவு, கோத்தகிரிக்குப் போகக் கார், எல்லாம் முடியும் என்று நினைக்கிறேன். அம்மா பெரியம்மா வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். மாமா, நீங்களும் வர வேண்டும்.

மாமா (பண்டாரவளை) – 12.31
கடையைப் பையன் பார்ப்பான். வருகிறேன்.

அக்கா (அட்டன்) – 12.45
பாரம் பற்றி ஒரு சொல். டிக்கெட்டில் போட்டிருக்கிற கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூட நான் கட்ட மாட்டேன். அம்மா இப்போதே ஐந்து கிலோ தேயிலைத் தூள், மாசிக் கருவாடு, கித்துல் கருப்பட்டி என்று எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். பெரியம்மா, உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?

பேத்தி (கோத்தகிரி) – 1.10
பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்கள்: “தூள் ஒரு கிலோ போதும், அந்த ஊர் வாசத்துக்கு. பாரம் கூடினால் அதையும் விட்டுவிடுங்கள். அம்மாவின் படம் மேக்கணக்கு வீட்டுச் சுவரில் இருக்கிறதே, அதைக் கொண்டு வாருங்கள். போனில் அனுப்பியதில் கண் தெரியவில்லை.”

அக்கா (அட்டன்) – 1.34
ஸ்டூல் போட்டு இறக்கிவிட்டேன். பின்னால் 1971 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. சட்டத்தோடு நிறுத்துப் பார்த்தேன், ஒன்றேகால் கிலோ. சட்டத்தைக் கழற்ற அம்மா விடமாட்டேன் என்கிறார். ஆகவே மாசியைக் குறைக்கிறோம்.