கடைசி சீசன் வேற சேனலுக்குப் போயிருச்சு, இங்க வரமாட்டேங்குது. அவசரம்!

கொழிஞ்சாம்பாறை_கண்ணன்:
வழக்கமா பாக்குற காமெடி சீரியல், கடைசி சீசனுக்கு மட்டும் சேனல் மாறிருச்சுங்க. புதுச் சேனல் வரவே மாட்டேங்குது. பழைய சேனல்லயும் அதே சீரியல் ஓடுது, ஆனா எல்லாம் பாத்த எபிசோடு. ராத்திரி 9 மணிக்கு ஆரம்பம். சீக்கிரம் சொல்லுங்க.

கம்பம்_ஆன்டெனா:
கேபிளா, டிஷ்ஷா? எஸ்டி பாக்ஸா, எச்டியா? சேனல் நம்பரே லிஸ்ட்ல இல்லையா, இல்ல நம்பர் வந்து படம் மட்டும் வரலையா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

செங்கோட்டை_சேது:
ஸ்கேன் பண்ணாம விட்டிருப்பீங்க. மெனு, செட்டிங்ஸ், இன்ஸ்டலேஷன், ஆட்டோ சர்ச். முடியுற வரைக்கும் ரிமோட்டைத் தொடாதீங்க, நடுவுல நிறுத்துனா சில பாக்ஸ்ல இருக்குற லிஸ்ட்டும் அழிஞ்சிரும்.

வேலந்தாவளம்_வாசு:
ஸ்கேன்லாம் வெட்டி வேலை. கேரளாவுல தமிழ்ச் சேனலை பிளாக் பண்ணி வச்சிருக்காங்க. பொள்ளாச்சியில பாக்ஸ் வாங்கிட்டு வந்து மாட்டுங்க.

பழைய_பெருசு:
மேல ஒட்டி வச்ச பதிவை ஒருத்தரும் படிக்கிறதில்ல. பாக்ஸ் விவரம் இல்லாம கேட்டா சோழிதான் உருட்டணும். வாசு தம்பி, சாட்டிலைட் சிக்னலுக்கு வாளையார் செக்போஸ்ட் கிடையாது. பொள்ளாச்சியில விழுற அதே சிக்னல்தான் கொழிஞ்சாம்பாறையிலயும் விழுது. மாசக் காசு கட்டுற சேனல் பேக்குல எந்தச் சேனலைச் சேத்திருக்காங்கங்கிறதுதான் வித்தியாசம். கேபிள் பாக்ஸ்னா கதை வேற, அங்கத்த பாக்ஸ் இங்கத்த லைன்ல ஓடாது.

மறையூர்_மணி:
பாத்தும் பிரயோஜனமில்ல. சேனல் மாறுன காமெடி உருப்படாது. அமெரிக்காவுல ஃபேமிலி மேட்டர்ஸ்னு ஒரு காமெடி, 8 சீசன் ஏபிசி சேனல்ல ஓடுச்சு. 1997ல சிபிஎஸ் சேனலுக்குப் போனதும் 9வது சீசனோட மூட்டை கட்டிட்டாங்க. அம்மா வேசத்துக்குக்கூட நடுவுல ஆள் மாத்துனாங்க.

குமுளி_ரவி:
டாக்ஸி? 1982ல ஏபிசி கைவிட்டதை என்பிசி சேனல் எடுத்துச்சு. ஒரே சீசன்தான், ஆனா அதுக்குத்தான் ஹீரோ ஜட் ஹிர்ஷுக்கு 1983ல எம்மி, டிவிக்குக் கொடுக்குற விருது. புரூக்ளின் நைன் நைன் 2018ல ஃபாக்ஸ்லருந்து என்பிசி போயி இன்னும் 3 சீசன் ஓடுச்சு. தயாரிப்பு யாருன்னு பாக்கணும் மணி. புரூக்ளின் யுனிவர்சல் ஸ்டுடியோ சரக்கு, என்பிசியோட சொந்த வீட்டுப் பிள்ளை.

பழைய_பெருசு:
இது உதவி இழை, எம்மி இழை இல்ல. (கெட் ஸ்மார்ட்டை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. 1969ல என்பிசியிலருந்து சிபிஎஸ், அஞ்சாவது சீசன், அதோட சரி.)

கொழிஞ்சாம்பாறை_கண்ணன்:
டிஷ்தாங்க. எச்டி பாக்ஸ். மலையாளம் பேக். நம்பர் இருக்கு, சப்ஸ்கிரைப் பண்ணலைன்னு எழுத்து வருது.

கம்பம்_ஆன்டெனா:
இதை முதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எழுத்து வருதுன்னா சிக்னல் சரி, ஸ்கேன் தேவையில்ல, பேக்குல அந்தச் சேனல் இல்ல. கம்பெனி ஆப்ல அந்த ஒத்தைச் சேனலை மட்டும் சேருங்க. எஸ்டி, எச்டி ரெண்டும் தனித்தனிக் காசு, ஒண்ணு போதும். மாசம் 19 ரூபா சேனல்னா 18 சதவீத ஜிஎஸ்டியோட 22 ரூபா 42 பைசா, பேலன்ஸ் பாத்துக்கோங்க. காசு கட்டுனதும் பாக்ஸை ஆஃப் பண்ணாம அந்தச் சேனல்லயே அரை மணி நேரம் விடுங்க. திறக்குற உத்தரவும் சாட்டிலைட் வழியாத்தான் வரும், ஸ்டாண்ட்பையில போட்டா தவறிப்போகும். அப்பவும் வரலைன்னா ஆப்ல ரீஃப்ரெஷ் கொடுங்க.

பழைய எபிசோடோட ஒளிபரப்பு உரிமை பழைய சேனல்கிட்டயே இருக்கும், அதான் இன்னும் அங்க ஓடுது. சீரிஸ் ரெக்கார்டிங் போட்டிருந்தா அதையும் மாத்துங்க. அது பழைய சேனலோடயே ஒட்டிக்கிட்டு பழசையே பதிஞ்சுக்கிட்டிருக்கும்.

வேலந்தாவளம்_வாசு:
பொள்ளாச்சி பாக்ஸ்னா இவ்வளவு கூத்தே இல்ல.

மறையூர்_மணி:
ரவி, ஸ்க்ரப்ஸும் ஏபிசி ஸ்டுடியோ சொந்தச் சரக்குதான். 8வது சீசனுக்கு ஏபிசிக்கே வந்துச்சு, சரி. அந்த 9வது சீசனை உட்காந்து பாத்தீங்களா?

கொழிஞ்சாம்பாறை_கண்ணன்:
வந்துருச்சு. நன்றிங்க.

செங்கோட்டை_சேது:
ரீஃப்ரெஷ் கொடுத்தீங்களா, தானா வந்துச்சா? எஸ்டியா எச்டியா எடுத்தீங்க? அடுத்து கேக்குறவங்களுக்கு உதவும்.

குமுளி_ரவி:
அவரு சீரியல் பாக்கப் போயிட்டாரு. மணி, 9வது சீசனைக் கணக்குல சேக்கக் கூடாது. 8வதுலயே கதை முடிஞ்சுபோச்சு.