தொடை நரம்பு கைக்கு வந்த கதை

எனக்கு டயாலிசிஸ், அதாவது சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. அதற்காக இடது கையில் இரண்டு தடவை ஃபிஸ்டுலா (ஊசி குத்த வசதியாகத் தமனியையும் நரம்பையும் இணைப்பது; தமனி என்றால் இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) போட்டும் எனக்கு நிலைக்கவில்லை. ஊசி போட்டுப் போட்டுக் கை நரம்பெல்லாம் நூலாகிப் போயிருந்தது. (நரம்பு என்று நாம்தான் சொல்கிறோம், டாக்டர்கள் சிரை என்பார்கள்.) கழுத்தில் கதீட்டரோடு (டயாலிசிஸுக்கான குழாய்) நான்கு மாதம். குளிர் நடுக்கம் வந்தாலே கிருமி ஏறிவிட்டதோ என்று பதறுவோம்.

கடைசியில் தொடைச் சிரையை எடுத்து முன்கைத் தோலுக்கடியில் வளையமாக வைத்தார்கள். ஒரு முனை தமனியில், மறுமுனை முழங்கை மடிப்புச் சிரையில். முழங்கால் பக்க முனைதான் தமனிக்கு வரவேண்டுமாம். மாற்றித் தைத்தால் உள்ளே இருக்கும் வால்வுகளே ரத்தத்தை மறித்துவிடும். செயற்கைக் குழாய் வைத்தால் சில வாரங்களில் ஊசி குத்தலாம், ஆனால் அதில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியிருக்கும். சொந்தச் சிரையில் அந்தப் பயம் குறைவு என்றார் டாக்டர். கையைவிடத் தொடைதான் அதிகம் வலித்தது, அதை மட்டும் யாரும் முன்பே சொல்லவில்லை.

தினமும் எழுந்ததும் அங்கே விரல் வைத்துப் பார்ப்பேன், கிர்ரென்று அதிரும். ஒருநாள் டயாலிசிஸில் ரத்த அழுத்தம் (பிரஷர்) ரொம்ப இறங்கியது. மறுநாள் காலை அதிர்வே இல்லை. காதை வைத்தேன், சத்தமும் இல்லை. காபிகூடக் குடிக்காமல் ஓடினேன். உள்ளே உறைந்திருந்த ரத்தக் கட்டியை எடுத்து, தையல் பக்கம் சுருங்கியிருந்த இடத்தை பலூனால் விரித்தார்கள். அன்று சாயங்காலமே கிர்ர் திரும்பிவிட்டது.

---

மேலே எழுதியவரைப் போல என் அம்மாவும் டயாலிசிஸ் நோயாளி. அவருக்குக் காய்ச்சல் என்று வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் ஃபிஸ்டுலா கையிலேயே பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டிவிட்டார்கள். அது இறுக்கினால் ஃபிஸ்டுலாவில் ரத்த ஓட்டம் தடைபடலாம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இப்போதெல்லாம் அந்தக் கையில் பேனாவால் 'ஊசி வேண்டாம், பிரஷர் வேண்டாம்' என்று எழுதித்தான் கூட்டிப் போகிறேன். அம்மாவுக்கு அதில் ஒரே வெட்கம்.

---

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். 'பழைய இடத்திலேயே குத்துங்க தம்பி, அங்கேதான் வலிக்காது' என்று பலர் கேட்பார்கள். ஒரே பகுதியில் திரும்பத் திரும்பக் குத்தினால் சுவர் பலவீனமாகிப் பலூன் மாதிரி புடைத்துவிடும். அதனால் திட்டு வாங்கினாலும் இடத்தை மாற்றி மாற்றித்தான் குத்துவேன். அப்புறம், அந்தக் கை விரல்கள் சில்லிட்டு மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள். விரல்களுக்குப் போகவேண்டிய ரத்தத்தை கிராஃப்ட் (இப்படிக் கையில் வைத்த சிரை அல்லது செயற்கைக் குழாய்) இழுத்துக்கொள்வதாலும் அப்படி ஆகும்.

---

முதலில் எழுதியவன்தான். டெக்னீஷியன் தம்பி, எனக்குச் சுண்டுவிரல் டயாலிசிஸ் நேரத்தில் மட்டும் சில்லிடுகிறது. ஏசி என்று நினைத்துவிட்டேன். வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டுகிறேன்.