இயக்குநரின் பித்தும் நாயகியின் ஒப்பந்தமும்

பாலாற்றங்கரை:
சத்துவாச்சாரியில் நண்பர்கள் கூடி இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) பார்த்தோம். படம் முடிந்ததும் மூண்ட வாக்குவாதத்தை இங்கே தொடர்கிறேன். ஒரு நடிகையின் முகத்தின்மீது பித்துக் கொள்ளாத இயக்குநரால் அந்த முகத்தைத் திரையில் நிலைநிறுத்த முடியாது என்பது என் கட்சி. 1930 முதல் 1935 வரை இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க், நடிகை மார்லீன் டீட்ரிச்சை நாயகியாக்கி ஏழு படங்கள் எடுத்தார். உச்சியிலிருந்து ஒளி விழச்செய்து அவருடைய கன்னத்தில் நிழல் படியவைத்த அழகெல்லாம் அந்தப் பித்தின் விளைச்சல்தான்.

குடியாத்தம் வாசகி:
ஐயா, டீட்ரிச்சைக் காட்டி, 'தி பேர்ட்ஸ்' நாயகி டிப்பி ஹெட்ரனை மறைக்கிறீர்கள். தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் அவரைக் கண்ட ஹிட்ச்காக், ஏழாண்டு ஒப்பந்தத்தில் அவரைத் தம்மோடு பிணைத்தார். நீங்கள் பார்த்த படத்தின் மாடியறைக் காட்சிக்கு இயந்திரப் பறவைகளே வரும் என்று ஹெட்ரனிடம் சொல்லிவிட்டு, ஐந்து நாள் உயிருள்ள பறவைகளை அவர்மீது வீசச் செய்தார்கள். கடைசியில் மருத்துவர் தலையிட்டு ஓய்வு கொடுக்கச் சொல்லும்படி ஆயிற்று. 'மார்னி' (1964) எடுத்த நாட்களில் ஹிட்ச்காக் தம்மிடம் அத்துமீறினார் என்றும், இணங்காததால் வாரச் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே பிற படங்களில் நடிக்கவிடாமல் தடுத்தார் என்றும் 2016இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஹெட்ரன் எழுதுகிறார். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் ஒரு சூப்பர்வைசர் இப்படி நடந்தால் அதைப் பித்து என்றா சொல்வோம்?

பாலாற்றங்கரை:
சகோதரி, ஹிட்ச்காக் 1980இல் இறந்துவிட்டார். 36 ஆண்டுகள் கழித்து வந்த குற்றச்சாட்டுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? மேலும், ஒரு பெண்ணை இறந்துபோன இன்னொருத்தியின் சாயலுக்கு மாற்றத் துடிக்கும் ஆணின் நோயை 'வெர்டிகோ'வில் (1958) அவரே எவ்வளவு இரக்கமின்றிக் காட்டியிருக்கிறார்!

காட்பாடி ஜங்ஷன்:
கணக்கு பிசகுகிறது, நண்பரே. ஹெட்ரனை அவர் நெருக்கிய செய்தி 1983இலேயே ஒரு வாழ்க்கை வரலாற்று நூலில் அச்சாகிவிட்டது. நோயை அவ்வளவு துல்லியமாக அறிந்த ஒருவர், ஐந்தாறு ஆண்டுகளில் படப்பிடிப்புத் தளத்திலேயே அதற்கு இடங்கொடுத்தார் என்றால் குற்றம் கூடுமே தவிரக் குறையாது. (படம் நல்ல படம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, 'வெர்டிகோ'வை எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன்.)

பாலாற்றங்கரை:
1983 நூலைப் பற்றிச் சொன்னது சரிதான். அந்த வாதத்தை விடுகிறேன். ஆனால் டீட்ரிச்சுக்கு என்ன பதில்? அவர் ஸ்டெர்ன்பெர்க்கிடமிருந்து ஒளியமைப்பைக் கற்றுக்கொண்டார். பிரிந்த பிறகும் பல ஆண்டுகள் நட்சத்திரமாக இருந்தார். சரிந்தது இயக்குநரின் செல்வாக்குத்தான்.

குடியாத்தம் வாசகி:
பிரிந்து போக அவருக்கு வழி இருந்தது, ஐயா. ஹெட்ரனின் வழியோ இயக்குநரின் மேசை இழுப்பறையில் ஒப்பந்தமாகக் கிடந்தது. கேரளத்தில், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024இல் வெளியானபோதும் வாய்ப்பைப் பறிப்பார்கள் என்ற அச்சத்தைத்தான் நடிகைகள் பேசினார்கள்; அங்கே எந்தப் பித்தும் காவியம் படைத்துவிடவில்லை. அடுத்து 'மார்னி' போடுங்கள், நானும் வருகிறேன். விவாதத்தை ஒளியமைப்பிலிருந்து தொடங்கக் கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை.