கொடைக்கானல் ஏரில குதிரை சவாரி, ஹெல்மெட் அவசியமா?

வத்தலகுண்டு அம்மா: போன வாரம் கொடைக்கானல் ஏரிகிட்ட என் 8 வயசு பையன் குதிரை ஏறுனான், குதிரைக்கார அண்ணன் கயிறப் பிடிச்சு கூடவே நடந்தாரு, ஹெல்மெட் கேட்டா மெதுவாதானே போகுது பயப்படாதீங்கன்னுட்டாரு. மெதுவா நடக்குற குதிரைக்கும் வேணுமா?

குதிரைப்பிரியன்: கண்டிப்பா வேணும்க்கா. மட்டக்குதிரைனாலும் பெரியவங்க ஏறுனா தலை 6, 7 அடி உயரத்துல இருக்கும், பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சாலோ ஒரு கேரி பேக் பறந்தாலோ குதிரை மிரண்டு சட்டுனு ஒதுங்கும், கீழ தார் ரோடு வேற, கயிறு பிடிச்சவரு என்ன பண்ணுவாரு பாவம். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கும் இதான். ஒலிம்பிக் வரைக்கும் போன கோர்ட்னி கிங்-டை 2010ல பயிற்சியில குதிரை இடறி விழுந்து கோமாவுக்கே போனாங்க, அன்னைக்கு ஹெல்மெட் போடல. குதிரைய சொன்னபடி அழகா நடக்க வைக்கிற டிரஸ்ஸாஜ்ங்குற சர்வதேச போட்டியில 2021லேர்ந்து ஹெல்மெட் கட்டாயம்.

வத்தலகுண்டு அம்மா: அப்ப வீட்டுக்காரரோட பைக் ஹெல்மெட் போட்டு விடவா?

மலைக்காத்து: வேணாம்மா, அது பிள்ளை தலைக்கு லூசா இருக்கும், வெயிட்டும் ஜாஸ்தி, கழுத்து தாங்காது. குதிரை சவாரிக்குன்னே வர்றது பின்மண்டைய நல்லா மூடும், அது கிடைக்கலன்னா அவனோட சைக்கிள் ஹெல்மெட் தேவலாம், தாடை வார் இறுக்கமா இருக்கணும். ஒரு தடவ பலமா அடிபட்டத திரும்ப மாட்டாதீங்க, உள்ள நொறுங்கியிருக்கும் வெளிய தெரியாது.