1892 ரிவால்வர், ரூபி: கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லியோன் தமிழன்
பிரான்சின் சேன்ட் எத்தியேனில் ஒரு பெரியவர் வீடு. பிரெஞ்சு ராணுவத்தின் 1892 மாடல் ரிவால்வரை மேசைமேல் வைத்தார். பின்பக்கத் திருகைத் தளர்த்தியதும் இடப்பக்கத் தகடு கதவு மாதிரி திறந்துகொண்டது. வில், நெம்புகோல், சுத்தியல் எல்லாம் கடிகாரத்தின் உள்பக்கம் போல அப்படியே தெரிந்தன. முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிச் சேற்றில் இருப்பவன் கழுவித் துடைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? குழலில் 'எஸ் 1915' என்று பொறித்திருந்தது. அந்த ஆண்டு அதை வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வந்தானா என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

கிழக்கு எல்லை
1892 அழகுதான், ஆனால் அதன் 8 மி.மீ. தோட்டாவுக்கு வலு போதாது. அதோடு எல்லோருக்கும் அது கிடைக்கவும் இல்லை. அப்படிக் கிடைக்காததால்தான் 1915இல் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பெயினின் கபிலொந்தோ நிறுவனத்திடம் ரூபி என்ற கைத்துப்பாக்கியை வாங்கினார்கள். கேட்ட எண்ணிக்கை ஒரு ஆலையால் முடியாமல் பல பட்டறைகள் செய்தன. வெர்தன் பக்கம் ஒரு சேகரிப்பாளர் இரண்டு ரூபிகளைக் காட்டி, ஒன்றின் மேகசினை, அதாவது தோட்டாக் கூட்டை, மற்றதில் செருகச் சொன்னார். பாதியில் நின்றுவிட்டது. சண்டை நடுவே அப்படி நின்றிருந்தால்? என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

முத்தியால்பேட்டை
1892இன் தோட்டா உருளை வலப்பக்கம் திறப்பது குதிரைப்படைக்காக என்று போன வாரம் ஒருவர் அடித்துச் சொன்னார். அது ஊகம்தான், யாரும் நிரூபிக்கவில்லை. தோட்டா பற்றிக் கிழக்கு எல்லை சொன்னது சரி. ஆனால் ரூபியின் 7.65 மி.மீ. தோட்டா மட்டும் என்ன பெரிய வலு?

என் கதை சின்னது. தாத்தா இந்தோசீனா போன சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். அவர் பெட்டியில் தோல் உறை மட்டும் இருந்தது, துப்பாக்கி இல்லை. உள்ளே விரல் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு.

அப்புறம் ஒன்று. புதுச்சேரியில் இப்படிப் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் கேளுங்கள். உள்ளே துப்பாக்கியே இருந்தால் விசையைத் தொடாதீர்கள். மேகசினைக் கழற்றிவிட்டாலும் குழலுக்குள் ஒரு தோட்டா நிற்கலாம். பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள். பையில் போட்டு நீங்களே ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போக வேண்டாம், போன் செய்து வரச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா நினைவு என்பதெல்லாம் அங்கே செல்லாது. உறை, பதக்கம், சம்பளப் புத்தகம் இவற்றை வைத்துக்கொள்ளலாம். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் போடாதீர்கள், பூசணம் பிடிக்கும்.