அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டா?

சாயங்காலம் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியிருந்தாள். எல்லாரும் செய்கிற தப்புதான். "2/6னா மூணுல ஒண்ணு. அரையோட காலைச் சேர்த்தா அரையைவிடக் குறையுமா?" என்றேன்.

அவள் விடவில்லை. "மிஸ், முதல் கணக்குக்கு 2 மார்க், அதுல 1 வாங்கினேன். அடுத்ததுக்கு 4 மார்க், அதுலயும் 1. மொத்தம் 2/6ன்னு நீங்கதானே போட்டீங்க?"

என் கையெழுத்தேதான், சிவப்பு மையில். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மார்க்கில் ஒவ்வொரு கேள்விக்கும் முழுசு வேறு. பின்னக் கூட்டலில் ஒரே தோசையின் அரையும் காலும். அதைப் புரியவைக்க நிஜமாகவே ஒரு தோசையைப் பிய்க்க வேண்டியதாயிற்று.

ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், அந்தத் தப்பிலும் சரக்கு இருக்கிறது. சமமில்லாத இரண்டு மிகைப் பின்னங்களை அப்படி, மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டினால் விடை எப்போதும் அவற்றுக்கு நடுவில்தான் விழும். 1/4க்கும் 1/2க்கும் நடுவே 1/3. அதற்கும் 1/2க்கும் நடுவே 2/5. அப்புறம் 3/7. போய்க்கொண்டே இருக்கலாம். விகிதமுறு எண்களின் அடர்த்திப் பண்பு என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான். முழுக்களிடம் இந்த வேலை நடக்காது. 3க்கும் 4க்கும் நடுவில் ஒரு முழுவும் இல்லை.

பதில்:
எங்கள் தாத்தா மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். அந்தக் காலத் தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. மாகாணி என்பதைச் சும்மா ஒரு பெயர் என்றே நினைத்திருந்தேன். பிறகு போட்டுப் பார்த்தேன்: 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. கூட்டலையே பெயராக வைத்திருக்கிறார்கள்! தாத்தா மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எல்லாம் பார்க்க மாட்டார். எல்லாவற்றையும் முந்திரியாக்கிவிடுவார், அதாவது 1/320. மாவுக்கு 16, காணிக்கு 4, மாகாணிக்கு 20.

பதிவிட்டவர்:
நேற்று இதை அவளிடம் சொன்னேன். அரைக்கு 160 முந்திரி, காலுக்கு 80. "மொத்தம் 240. அப்போ முக்கால்!" என்றாள். நோட்டை மூடப்போனவள் நிமிர்ந்து, "மிஸ், அது சாப்பிடுற முந்திரியா?"